ஒப்புக்கொண்ட தொகையையாவது இப்போதே விடுவியுங்கள்: காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: எங்கள் பட்டறைக்குத் தீக்காப்பீடு வழங்கிய பொதுக்காப்பீட்டு நிறுவனத்தின் மண்டல மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோவை கணபதியில் ஜாப் ஆர்டர் (பிற கம்பெனிகள் தரும் பாகங்களைக் கூலிக்குக் கடைந்து தரும் வேலை) எடுத்து நடத்திவந்த எங்கள் லேத் பட்டறை கடந்த ஆடி மாதத்தில், இரவு ஷிப்ட் முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகு தீப்பிடித்து எரிந்ததைத் தாங்கள் அறிவீர்கள். தீயணைப்புத் துறையின் சான்று, காவல் நிலையத்தில் அளித்த புகாரின் நகல், சொத்துப் பதிவேடு, இயந்திரங்கள் வாங்கிய பில்கள், ஜி.எஸ்.டி. கணக்குகள் என்று தங்கள் அலுவலகம் கேட்டவை அனைத்தும் தங்கள் கோப்பில் இருக்கின்றன. கொடுத்ததையே திரும்பக் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் திரும்பக் கொடுத்தோம். ஆகவே நடந்ததை மறுபடி விவரித்துத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். தை பிறந்துவிட்டது, நஷ்டத்தைக் கணக்கிடத் தாங்கள் அனுப்பிய மதிப்பீட்டாளரின் இறுதி அறிக்கை இன்னும் வரவில்லை, அது வராததால் ஒரு ரூபாயும் வரவில்லை. எழுதிய கடிதங்களுக்கெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில் கிடைத்துவருவதால்தான், இதை நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

நான் கேட்பது இது: தகரக் கூரை சரிந்து விழுந்த முன்கூடத்தில் இருந்த, கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரமும் பழைய ஆறடி லேத்தும் முழு நஷ்டம் என்பதைத் தங்கள் மதிப்பீட்டாளர் முதல் ஆய்வுக் குறிப்பிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவற்றைப் பற்றித் தங்களுக்கும் எங்களுக்கும் இடையே எந்தத் தகராறும் இல்லை. தகராறெல்லாம் பின்கூடத்து இயந்திரங்களைப் பற்றியதுதான். அந்தத் தகராறு தீரும் வரை காத்திருக்கச் சொல்லாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முன்கூடத்துத் தொகையை முதற்கட்டமாக இப்போதே விடுவியுங்கள்.

பின்கூடத்துத் தகராறு என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் என்னை மிகவும் வாட்டுவது அதுதான். அங்கே தீ நுழையவே இல்லை. நுழைந்தவை புகையும், தீயணைப்பு வண்டியின் தண்ணீரும், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓடிவந்து அடித்த தீயணைப்பு உருளைகளின் தூளுமே. பி.வி.சி. ஒயர் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. அது ஈரத்தில் கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். உருளையில் இருந்த அம்மோனியம் பாஸ்பேட் தூளோ காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு இரும்பின் மேல் பசையாகப் படியும். இவற்றுக்கெல்லாம் மாற்று மிக எளியது, பெரிய செலவில்லாதது: அன்றைக்கே தண்ணீரை வழித்துவிட்டு, டீசலில் நனைத்த காட்டன் வேஸ்ட்டால் அழுத்தித் துடைத்து, எண்ணெய் பூசி வைத்துவிட வேண்டும். லேத் பட்டறையில் ஒரு வருடம் வேலை பார்த்த ஹெல்பருக்கும் இது தெரியும். அப்படிச் செய்திருந்தால் பின்கூடத்தில் இருந்த இரண்டு லேத்துகளும் மில்லிங் இயந்திரமும் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

ஆனால் செய்ய விடவில்லை. முதல் ஆய்வுக்கு வந்த மதிப்பீட்டாளர், இறுதி ஆய்வு முடியும் வரை எந்தப் பொருளையும் தொடவோ துடைக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று எழுத்திலேயே தெரிவித்துவிட்டுச் சென்றார். மீறினால் கோரிக்கையே தள்ளுபடியாகிவிடுமோ என்ற அச்சத்தில் அதற்கு முழுமையாகக் கட்டுப்பட்டோம். ஆயுத பூஜையன்று, லேத் ஓட்டும் எங்கள் டர்னர்களில் மூத்தவர் பழக்க தோஷத்தில் துணியை எடுத்து எட்டடி லேத்தின் லீட் ஸ்க்ரூவை (மரை போடும்போது வெட்டும் கருவியை நகர்த்தும் நீண்ட திருகுத்தண்டை) துடைக்கப் போனார். நான்தான் அந்தக் கடிதத்தை நினைவூட்டித் தடுத்தேன். முப்பது ஆண்டுகளாகத் தன் கையால் எண்ணெய் விட்ட இயந்திரம் செம்பழுப்பாகப் பொரிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அந்தத் துருவின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவர் வெளியே போய்விட்டார்.

ஐப்பசி மழையும் ஓய்ந்த பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, பின்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது தீயால் வந்த சேதமல்ல, பராமரிப்பு இல்லாமல் நாளடைவில் ஏற்பட்ட துரு, பாலிசியில் இதற்கு இடமில்லை என்று கூறினார். ஐயா, தொடாதே என்று எழுதிக் கொடுத்ததும் தங்கள் தரப்புதான். ஏன் தொடவில்லை என்று கேட்பதும் தங்கள் தரப்புதான். நஷ்டம் மேலும் பெருகாமல் பாதுகாப்பது பாலிசிதாரரின் கடமை என்று பத்திரத்தின் நிபந்தனைகளில் தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கடமையைச் செய்ய விடாமல் எங்கள் கையைக் கட்டிவிட்டு, செய்யவில்லை என்ற குற்றத்தையும் எங்கள் மேலேயே சுமத்துவது எந்த வகையில் நியாயம்? தீயை அணைக்க ஊற்றிய நீரால் விளையும் சேதமும் தீச்சேதமே என்பது காப்பீட்டுத் துறையில் நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கோட்பாடு. அதைத் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேலே சுரண்டிப் பெயின்ட் அடித்தால் ஓட்டலாமே என்றும் அந்த அதிகாரி யோசனை சொன்னார். நாங்கள் செய்வது பம்ப் ஷாஃப்ட். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒன்றிரண்டு பங்குக்குள் அளவு நிற்க வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் அதற்கு மேல் விலகினால் வாடிக்கையாளரின் தரப் பரிசோதனையில் பெட்டியோடு திரும்பி வந்துவிடும். சாணை பிடித்து வழவழப்பாக்கிய பெட்டில், அதாவது லேத்தின் அடித்தளத்தில், துரு குழி பறித்துவிட்டால், வெட்டும் கருவியைத் தாங்கி ஓடும் கேரேஜ் அந்தக் குழிகளின் மேல் நேராக ஓடாது. லீட் ஸ்க்ரூவின் மரைகள் அரித்துவிட்டால், அதில் போடும் ஒவ்வொரு மரையிலும் அந்தக் கோணல் ஏறும். பெட்டை மறுபடி சாணை பிடிக்கலாம், லீட் ஸ்க்ரூவைப் புதிதாகப் போடலாம். ஆனால் அது பெயின்ட் டப்பாவின் விலையில் முடிகிற வேலை அல்ல.

தங்கள் பத்திரத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. இயந்திரங்களுக்குப் புதிய விலை வேண்டுமென்றால், முதலில் நாங்கள் வாங்கி நிறுவிச் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும், அதையும் தீப்பிடித்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். இல்லையென்றால் தேய்மானம் கழித்த விலைதான் கிடைக்கும். ஆடியில் ஓடத் தொடங்கிய அந்தக் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் பணமிருந்தால் தங்களிடம் ஏன் வந்து நிற்கிறோம்? அறிக்கை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் எங்களுக்குச் சேர வேண்டிய தொகையையே குறைக்கிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஒப்புக்கொண்ட தொகை இப்போது வந்தால், ஒரு சி.என்.சி. இயந்திரத்துக்காவது முன்பணம் கட்டி வேலையைத் தொடங்கிவிடுவேன்.

இதற்கிடையே எங்கள் மேல் விழுபவை பல. பட்டறையில் எரிந்த வார்ப்படங்கள் எங்களுடையவை அல்ல. ஜாப் ஆர்டர் பட்டறையில் கிடக்கும் சரக்கில் பெரும்பகுதி வேலை கொடுத்தவர்களுடையதாகத்தான் இருக்கும். பிறர் சரக்கு எங்கள் பொறுப்பில் இருப்பதைப் பத்திரத்தில் தனியாகக் குறிப்பிட்டு அதற்கும் பிரீமியம் கட்டியிருக்கிறோம். ஆனால் தங்களிடமிருந்து பணம் வராததால், பம்ப் கம்பெனிக்காரர்கள் எங்களுக்குத் தர வேண்டிய பழைய பாக்கியில் அந்த வார்ப்படங்களின் விலையைக் கழித்துக்கொண்டார்கள். வங்கியில் தவணை நின்று 90 நாட்கள் கடந்தால் கணக்கு வாராக் கடனாகிவிடும். நொடித்துவரும் சிறு தொழில்களை அந்த நிலைக்கு விடாமல் மீட்பதற்கென்றே ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் ஒரு நடைமுறையை வகுத்தது. அதன்படி எங்கள் வங்கியில் மனுக் கொடுத்தால், காப்பீட்டுத் தொகை எவ்வளவு வரும் என்று தெரியாமல் முடிவெடுக்க இயலாது என்கிறார்கள். வரித் துறையின் கணக்கோ வேறு மாதிரி: ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி, அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கொடுத்த வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டதை) திருப்பிக் கட்ட வேண்டும். தீயில் அழிந்துபோன கம்பிக்கும் இன்சர்ட்டுக்கும் (உலோகத்தைக் கடையும் வெட்டு முனைகளுக்கும்) கடையில் ஒரு முறை வரி கொடுத்தோம், இப்போது அந்த வரவையும் இழக்கிறோம். பேரிடர் என்றால் வெள்ளமும் புயலும்தானா? ஒரே ஒரு பட்டறை எரிந்தால் அது யார் கண்ணிலும் படாதா? சிறுதொழில்தான் நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் பேசுகிறவர்கள், அந்த எலும்பு முறிந்து கிடக்கும்போது எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்றாவது சொல்லக்கூடாதா?

பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, இவற்றில் பெரும்பாலானவை தங்கள் அதிகாரத்துக்குள் வருபவை அல்ல. தங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் வெளியிட்ட பாலிசிதாரர் நலன் காக்கும் விதிமுறைகளிலேயே, மதிப்பீட்டாளரை 72 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், நியமித்த 30 நாட்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. சிக்கலான வணிகக் கோரிக்கைகளுக்குக் கூடுதல் அவகாசம் இருந்தது என்பதையும் அறிவேன். அதற்காக ஆடியிலிருந்து தை வரை இழுப்பது முறையல்ல. மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மிகாத சிறிய தொழில்களுக்கென்றே 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசியை ஆணையம் கொண்டுவந்ததும், சொத்தின் மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகை 15 சதவீதம் வரை குறைவாக இருந்தாலும் அதைக் காட்டி இழப்பீட்டை வெட்டக்கூடாது என்று அதில் விதித்ததும், எங்களைப் போன்றவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். எங்களிடம் இருப்பதும் அந்தப் பாலிசிதான். ஒரு வருடமும் பிரீமியம் தவறியதில்லை.

எங்களிடம் இருந்த ஆட்களில் இருவர் பீளமேட்டில் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. மற்றவர்கள் தினக்கூலிக்குப் போய்க்கொண்டே, எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்று வாரந்தோறும் கேட்கிறார்கள். அளவு பார்த்து வேலை செய்யும் டர்னரை உருவாக்கப் பல வருடங்கள் பிடிக்கும்; இவர்களும் கலைந்துவிட்டால் பிறகு புது இயந்திரம் வந்தும் அதை ஓட்ட ஆள் இருக்காது.

ஆகவே தங்களை மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்கூடத்து இயந்திரங்களுக்காக ஒப்புக்கொள்ளப்பட்ட தொகையை முதற்கட்டமாக உடனே விடுவிக்க வேண்டும். அந்தத் தொகை பத்திரத்தின்படி வங்கிக்குத்தான் முதலில் செல்லும் என்பதால், அதைப் புதிய இயந்திரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் தெரிவித்து வங்கி மேலாளர் கொடுத்த கடிதத்தையும் தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பித்துவிட்டோம். பின்கூடத்து இயந்திரங்களைத் துடைக்கவும், லேத் பெட்டுகளைச் சாணை பிடிக்க அனுப்பவும் எழுத்துமூலமாக அனுமதி தர வேண்டும். இறுதி அறிக்கை எந்தத் தேதியில் வரும் என்பதையும், துருவைத் தீச்சேதமாக ஏற்பதில்லை என்பதுதான் தங்கள் முடிவென்றால் அந்த முடிவையும் காரணங்களோடு எழுதித் தர வேண்டும். எழுத்தில் வந்தால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ நாங்கள் தெளிவாக முறையிட முடியும். அதற்குத் தேவையே இல்லாமல் தாங்களே இதை முடித்துவைப்பீர்கள் என்றே இப்போதும் நம்புகிறேன்.

நன்றியுடன்,
பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.