முன்தேதியிட்டு ஏறும் மின் கட்டணம்

ஐயா,

சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2024 ஜூலை 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட 4.83 சதவீத மின் கட்டண உயர்வு, ஜூலை 1-ஆம் தேதியிலிருந்தே கணக்கிடப்பட்டது. அந்த இரண்டு வாரமும் கம்பி இழுக்கும் மெஷினும் பாலிஷ் மோட்டாரும் பழைய கட்டணத்தை நம்பித்தான் ஓடின. செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் கிலோவுக்கு இன்ன கூலி என்று பேசிச் சரக்கைக் கொடுத்துவிட்டு, பிறகு போய் "கரண்ட் ஏறிவிட்டது, சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்டால் சிரிப்பார். சிரிப்பதும் நியாயம்தான். பில் தொகையையும் கெடு தேதியையும் குறுஞ்செய்தியில் தவறாமல் அனுப்பத் தெரிந்த மின்வாரியத்துக்கு, யூனிட் விலையும் நிலைக்கட்டணமும் மாறப்போவதை ஒரு மாதம் முன்பே அனுப்புவதில் என்ன சிரமம்? பழைய விலை, புதிய விலை, அமலாகும் தேதி, இவ்வளவு இருந்தால் போதும். அதையும் தமிழில் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர், சேலம்