பாப்பாவுக்கு, பன்னீர் ரோஜாவோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை. பெரம்பூர் மாமா கையில் இரண்டு பன்னீர் ரோஜாப் பதியன், அதாவது தாய்ச்செடியின் கம்பை மண்ணில் வளைத்து வேர்விட வைத்த கன்று, கொடுத்தனுப்பியிருக்கிறேன். புரட்டாசியில் பதியம் போட்டது, வேர் நன்றாகப் பிடித்திருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

வந்த அன்றைக்கே தொட்டிக்கு மாற்றாதே. ஒரு வாரம் அந்தக் கவரோடேயே, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வை. வில்லிவாக்கத்துக் காற்று வேறு, திருவான்மியூர் கடற்காற்று வேறு. இடம் மாறிய செடி முதலில் நாலைந்து இலையைப் பழுக்கவிட்டு உதிர்க்கும். அதைப் பார்த்துப் பயந்து உரம் போட்டுவிடாதே. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது தண்ணீரும் நிழலும்தான்.

உன் பால்கனி கிழக்குப் பார்த்தது என்று அண்ணன் சொல்லித்தான் தெரியும். கிழக்கு நல்லது. ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்பார்கள். பதினொரு மணி வரை நேராக அடித்தால் இந்தச் செடிக்குப் போதும். காலை வெயில் இலையில் இருக்கும் பனியைச் சீக்கிரம் காயவைத்துவிடும், மே மாதத்து மேற்கு வெயிலும் படாது. கைப்பிடிச் சுவர் மறைத்தால் தொட்டியை ஸ்டூல்மேல் ஏற்றி வை. வீட்டுக்காரர் ஏதாவது சொல்வாரா? தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துவிட்டால் கீழ்வீட்டுக்கு ஒழுகாது. தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடு, இல்லாவிட்டால் வேர் அழுகும், கொசுவும் வரும்.

தொட்டி பதினாறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மண் தொட்டி கிடைத்தால் அதுவே வாங்கு. மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவைப் பக்கெட்டில் ஊறப்போட்டு மூன்று தடவை பிழிந்து அலசிவிட்டுப் போடு. கட்டியாக விற்பதில் உப்பு இருக்கும். பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடற்கரை மணலை மட்டும் தொடாதே. தொட்டிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத்தூள் கலந்துவிடு. எலும்புத்தூளை அடிமண்ணில் போடு, மேலாகப் போட்டால் எலி வந்து தோண்டும். கவரைக் கிழிக்கும்போது மண் உருண்டை உடையாமல் எடு. கவரில் இருந்ததைவிட ஓர் அங்குலம் ஆழமாகவே வைக்கலாம். இது ஒட்டுச்செடி இல்லை, சொந்த வேரில் நிற்பது. ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கிள்ள வேண்டும். இதில் அடியிலிருந்து எது வந்தாலும் பன்னீர் ரோஜாதான், வெட்டாதே.

இப்போது தண்ணீர். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. பூச்செடிகளிலேயே ரோஜாவுக்கு உப்பு ஆகவே ஆகாது. முதலில் முற்றிய இலையின் விளிம்பு காய்ந்து பழுப்பாகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். பிறகு தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத் தண்ணீரால் வேருக்கு அதை எடுக்க முடியாமல் போகிறது. அப்படிக் கண்டால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்புச்சத்து உள்ள பெரஸ் சல்பேட்), ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் கரைத்து, சாயங்காலம் இலைமேல் தெளி. ஆனால் தண்ணீரை மாற்றாமல் மருந்து மட்டும் தெளித்தால் அடுத்த மாதம் மறுபடி மஞ்சளாகும்.

மெட்ரோ தண்ணீர் வரும்போது ஒரு குடம் பிடித்து வை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதற்கு ஒரு பக்கெட் வைத்துவிடு. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று எல்லோரும் செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, அடித் துளை வழியாக நன்றாக ஓடவிடு. சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் அந்த வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

அளவு என்று கேட்டால், இப்போது தை மாதத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு லிட்டர். கத்திரி வெயிலில் தினமும், காலை ஏழு மணிக்குள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார், ஈரம் இருந்தால் ஊற்றாதே. மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. இலைமேல் படாமல் அடியில் ஊற்று. நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கு நீ வரவில்லை. வேலை இருந்திருக்கும். ஆபீஸில் உனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்திருப்பதாக அண்ணன் சொன்னான். சித்தியிடம் நானே போன் போட்டுச் சொன்னேன். அதையும் நீ என்னிடம் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். அங்கே மொட்டை மாடியில் நீ வைத்திருந்த செடிகள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். யார் என்ன சொன்னாலும் உனக்குக் கைராசி உண்டு.

இது என்ன ஜாதி என்று சின்ன வயதில் கேட்பாய். நர்சரியில் பன்னீர் ரோஜா என்று இரண்டு மூன்று ரகத்தைச் சேர்த்தே சொல்கிறார்கள். நம்முடையது எட்வர்டு ரோஜா. கோயம்பேட்டில் உதிரிப்பூவாக, மாலைக்கும் பன்னீருக்கும் வருகிற இளஞ்சிவப்பு ரோஜா. இது பூர்போன் ரோஜா வகை. இன்று ரியூனியன் என்று சொல்லும் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். நம் பக்கத்து ஜனங்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப் போனார்களே, அதே தீவு. அங்கே வேலிக்காக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகக் கலந்து, 1800களின் தொடக்கத்தில் இந்த வகை உண்டாயிற்று. வாசனை டமாஸ்கிலிருந்து வந்தது, வருடம் முழுவதும் விட்டுவிட்டுப் பூப்பது சீன ரோஜாவிலிருந்து வந்தது. அத்தருக்கு வடக்கே உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் வளர்க்கும் டமாஸ்க் ரோஜாவைச் சென்னையில் வைத்தால் இலை வரும், பூ வராது. அதற்குக் குளிர்காலம் ஒன்று வேண்டும். ஆன்லைனில் நீல ரோஜா விதை, வாசனை ரோஜா விதை என்று விற்பதை வாங்காதே. நல்ல ரகத்தின் குணம் விதையில் அப்படியே வராது, நீல ரோஜா என்று இயற்கையில் எதுவும் கிடையாது. ஓசூரிலிருந்து வரும் நீளக் காம்பு ரோஜா பெட்டியில் பயணம் போய் ஜாடியில் ஒரு வாரம் நிற்பதற்கென்றே வளர்த்தது. அதில் வாசனையைத் தேடாதே.

இந்தச் செடியிடம் ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பூ இரண்டு மடங்கு வரும். அடியிலிருந்து மூன்று நாலு அடிக்கு ஒரே கம்பாக நெட்டையாக ஓடும். நுனியில் மட்டும் ஒரு கொத்துப் பூக்கும். அசிங்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறதே என்று எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதே, வளை. கம்பு பச்சையாக, பென்சில் பருமனில் இருக்கும்போதே, நுனியை மெல்லக் கீழே இறக்கி, தொட்டி விளிம்பில் ஒரு கம்பி கட்டி அதில் பழந்துணியால் கட்டு. ஒரே நாளில் இறக்கினால் முறியும். இன்று பாதி, மூன்று நாள் கழித்து மீதி. தண்ணீர் ஊற்றிய காலையில் செய்யாதே, அப்போது கம்பு விறைத்திருக்கும். கொஞ்சம் வாடியிருக்கும் சாயங்காலம் நன்றாக வளையும். நுனி மேலே நிற்கும்வரை கீழே உள்ள கணுக்களைத் துளிர்க்கவிடாது. நுனி படுத்ததும் கம்பு நெடுக ஒவ்வொரு கணுவிலும் ஒரு தளிர் நிமிர்ந்து எழும். அரிசி அளவில் சிவப்பாக முளை கண்ணில் படும். அது ஒரு ஜாண் வளர்ந்து நுனியில் மொட்டு வைக்கும். வளைத்ததிலிருந்து பூ வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முள் குத்தும், தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு செய்.

பூத்து முடிந்ததும் காம்பை மட்டும் கிள்ளாதே. கீழே, வெளிப்பக்கம் பார்த்த முழு இலை ஒன்றைப் பார்த்து, அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டு.

பெரிய கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் என்று விவசாயப் புத்தகங்களில் இருக்கும், போன பருவத்துக் கம்பைப் பாதியாக வெட்டச் சொல்வார்கள். சென்னையில் நவம்பரில் கொட்டுகிற மழையில் வெட்டிய வாயில் தண்ணீர் இறங்கி, நுனி கறுத்து, அப்படியே கீழே வரை கருகிக்கொண்டே வரும். என் அபிப்பிராயம், செப்டம்பர் கடைசியில் காய்ந்த குச்சி, குறுக்கே போகும் குச்சி மட்டும் எடு. பெரிய வெட்டு, மழை ஓய்ந்து மார்கழி பனி இறங்கிய பிறகு. கறுத்த நுனி கண்டால், உள்ளே வெள்ளையான தண்டு தெரியும்வரை, அதற்கும் ஓர் அங்குலம் கீழே, வெட்டிவிடு. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைப் பசையாகக் குழைத்து வெட்டுவாயில் தடவு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடை. இந்த வருடம் இந்தச் செடிகளுக்குக் கவாத்தே வேண்டாம், சின்னது.

உரம் அதிகம் வேண்டாம். மாதம் ஒரு முறை மண்புழு உரம் இரண்டு கை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் தொட்டிக்கு ஒரு குவளை. நாற்றமடிக்கும், மூடி வை. யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இரண்டையும் உன் செடிக்குப் போடாதே. உன் தண்ணீரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் உரத்தை நிறுத்திவிடு.

பூச்சி, நோய்க்கெல்லாம் நாளும் பார்ப்பதுதான் மருந்து. மொட்டு விரியாமல் விளிம்பு கருகினால் இலைப்பேன், அந்த மொட்டைக் கிள்ளிக் குப்பையில் போடு. வெயிலில் இலை தூசி படிந்தது போல வெளிறி, அடியில் மெல்லிய நூல் இருந்தால் சிவப்புச் சிலந்தி. காலையில் நல்ல தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடி. மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி வரும். ஏழு மணி நேரத்துக்கு மேல் இலை நனைந்தே இருந்தால் அந்த நோயின் பூஞ்சை உள்ளே புகுந்துவிடும். மண்ணிலிருந்து ஒரு ஜாண் உயரம்வரை இலையைக் கழித்துவிடு, விழுந்த இலையைப் பொறுக்கிவிடு. பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளி. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தால் இலை கருகும். கடும் வெயிலிலும் வேண்டாம்.

பூவை விடியற்காலையில் பறி, முக்கால் விரிந்ததும். ஒன்பது மணிக்கு மேல் வாசனை காற்றில் போய்விடும். இரண்டாம் நாள் இதழ் உதிரும், அது செடியின் குறை இல்லை, இந்த ரோஜா அப்படித்தான்.

அடுத்த மழை முடிந்து, கம்பு முற்றியதும் நீயே ஒரு பதியன் போடு. பென்சில் கனக் கம்பைப் பக்கத்துத் தொட்டிக்கு வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணில் அழுத்தி, மேலே ஒரு கல் வை. ஆறு முதல் எட்டு வாரம் தொடாதே. வேர் விட்டதா என்று கிளறிப் பார்க்காதே. வெட்டி எடுத்ததும் எதிர் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று கொடு. அந்தத் தளத்தில் உனக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும். ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாய்?

வாரம் ஒரு படம் அனுப்பு. இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, செடி முழுதும் ஒன்று. நீயும் அதில் நின்றால் உயரம் எவ்வளவு என்று தெரியும். தண்ணீர் விஷயத்தில் கவனமாக இரு, உப்புத் தண்ணீர் வேண்டாம்.

நாலு நாள் எங்காவது போவதாக இருந்தால் முன்னாடியே சொல். வெயிலில் தொட்டிச்செடி இரண்டு நாள்கூடத் தாங்காது. வில்லிவாக்கத்திலிருந்து திருவான்மியூர் தூரம்தான், பரவாயில்லை, நான் வந்து ஊற்றிவிட்டுப் போகிறேன். வீட்டுச் சாவி இன்னொன்று இருந்தால் மாமா கையில் கொடுத்தனுப்பு.

அப்பா