மெசலமைனும் மூலிகையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை நாளாகப் பெருங்குடல் புண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதை இப்போதுதான் சொல்கிறாய். அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள். இங்கே எல்லோரும் நலம். மருந்தியல் பாடம் எடுப்பதிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடல் அழற்சியை அடக்க நீ எடுக்கும் மெசலமைன் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா என்கிறாய். மாறாதே. கூடவே சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தால் பதில் கொஞ்சம் நீளம்.

மூலிகை பற்றி நீ அனுப்பிய செய்திகளில் பாதிக்கு மேல் சுண்டெலிகளில் செய்த சோதனைகள். இந்தச் சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற உப்பைக் கலந்து சுமார் ஒரு வாரம் கொடுப்பார்கள். எலி மெலியும், மலத்தில் ரத்தம் வரும், பெருங்குடல் சுருங்கிக் குட்டையாகும். செடிச் சாறு கொடுத்த எலியின் குடலையும் கொடுக்காத எலியின் குடலையும் மேசையில் நீட்டி வைத்து ஸ்கேலால் அளப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தாலே கட்டுரை தயார். ஆனால் அந்த உப்பை நிறுத்தினால் எலியின் குடல் தானாகவே ஆறத் தொடங்கிவிடும். உன் நோய்க்கு அப்படி நிறுத்த ஓர் உப்பு இல்லை, அடங்கினாலும் திரும்பி வரும். அதனால்தான் எலியிடம் ஜெயித்த செடிகள் ஏராளம், மனிதரிடம் ஜெயித்தவை சில.

அந்தச் சிலவற்றில் முதலில் நிற்பது மஞ்சளின் குர்குமின். நோய் அடங்கியிருந்த 89 பேரை வைத்து ஜப்பானில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஆறு மாதத்தில், தினமும் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களில், கடைசியில் கணக்கில் நின்ற 43 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியது. போலி மாத்திரை, அதாவது ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரை, எடுத்தவர்களில் 39க்கு 8 பேர். இரு தரப்பும் வழக்கமான மாத்திரையை நிறுத்தவே இல்லை என்பதைக் கவனி. குர்குமின் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். வேறு நோய்க்கு அது குறை, உனக்கு ஒருவேளை அதுவே வசதி. ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும். 2 கிராமுக்கு 60, 70 கிராம் தூளை விழுங்க வேண்டும், தினமும்! குறைந்த அளவு போதுமா என்று இந்தியாவில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை.

நிலவேம்புச் சாறு, 2013இல் வெளியான 224 பேர் ஆய்வில், அதிக அளவு எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? போலி மாத்திரைக்கே 40 சதவீதம். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும், அதுதான் காரணம். உன் உறவினர் கஷாயம் குடித்துக் குணமானார் என்றால் நான் நம்புகிறேன். கஷாயத்தால்தானா என்பதுதான் கேள்வி. கற்றாழைச் சாற்றுக்கும் ஒரு சிறிய ஆய்வு உண்டு, 44 பேர், பலன் சுமார்.

எனக்குத் தெரிந்து மிக வலுவாக வேலை செய்தது நீலச் சாயச் செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் பொடிதான். ஜப்பானில் எட்டு வாரத்தில் எழுபது, எண்பது சதவீதம் பேருக்குப் பலன். போலி மாத்திரைக்குப் பதினான்கு. ஆனால் அதை எடுத்துக்கொண்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியது தெரியவந்தது. அந்நாட்டு அரசு 2016இல் எச்சரித்தது, ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். "இலைதானே, என்ன செய்துவிடும்" என்பவர்களிடம் இதைச் சொல். வேலை செய்கிற பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கும், அது மாத்திரையில் வந்தாலும் இலையில் வந்தாலும்.

உனக்கு ஆசை இருந்தால் உன் டாக்டரிடம் குர்குமின் பற்றி மட்டும் பேசு. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாய் என்று வாடை அடிக்கிறது, எனவே டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின் கலந்திருந்தால் ரத்தத்தில் அதிகம் ஏறும். அந்த வகையை எடுத்துக் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. அப்புறம், மலப் பரிசோதனையில் கால்புரோடெக்டின், அதுதான் குடல் அழற்சியைக் காட்டும் அளவு, கடைசியாக எவ்வளவு வந்தது? அதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்