சீசன் எப்படி என்று கேட்டாய்

செங்கோட்டை
8.2.2026, ஞாயிறு

அன்புள்ள கோலி,

முதலில் ஒரு பொய்யை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன் அல்லவா? காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அதே ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் நம் காலேஜ் பையன்களுக்கு ஹாக்கி நாக்-அவுட் மேட்ச். வீட்டுக்காரியை மட்டும் ரயிலேற்றி விட்டு, அவளையும் பொய் சொல்ல வைத்து, நான் வேனில் பையன்களோடு சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் போய்விட்டேன். அதற்கு அவள் தருகிற தண்டனை இன்னும் முடியவில்லை. காலையில் காப்பி கேட்டால் "காய்ச்சல்காரருக்குக் காப்பி எதுக்கு?" என்று சுக்குக் கஷாயம் வருகிறது.

மொய் வந்து சேர்ந்திருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கட்டும். உங்கள் எர்ணாகுளத்துச் சாம்பார் பற்றி அவள் வந்து சொன்னதை எழுதினால் முப்பது வருஷ நட்பு போய்விடும், விடு. அம்மாவின் முட்டிவலி தேவலையா? இங்கே சௌக்கியம். பெரியவன் பெங்களூரில், சின்னவன் அரியரில். கடை அதே கடைதான், ஆணி விற்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ பாதியில் சிரித்துக் கெடுத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். போன வருஷம் ஒரு தடவை போனில் "சீசன் எப்படி மாப்ளே?" என்று கேட்டாய். நான் குற்றாலத்தைத்தான் கேட்கிறாய் என்று, சாரல் ஜோர், ஐந்தருவியில் நிற்க இடமில்லை என்று கால் மணி நேரம் அளந்தேன். நீ கேட்டது ஹாக்கி என்று போனை வைத்தபிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஒரு நாள் பாறை அதிர விழுந்தது, மறுநாள் நூலாக ஒழுகியது.

ஜூலையில் கொட்டியது. சாரலில் நம் செம்மண் தரை இறுகி, பந்து எகிறாமல் ஓடுகிற நாட்கள் உனக்கு நினைவிருக்கும். முதல் மூன்று மேட்சும் நம் கிரவுண்டில்தான். 4-0, 3-1, 5-1. ரைட் அவுட்டில் ஒரு குட்டைப் பையன், புளியரைக்காரன். பந்தை ஸ்டிக்கில் ஒட்டவைத்துக்கொண்டு மூன்று பேரைச் சுற்றி வருகிறான். பாதிப் பையன்கள் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். ஒருத்தன் மலையாளத்தில் "வலத்தோட்டு, வலத்தோட்டு" என்று கத்துவான், இன்னொருத்தன் "ஏல, சோத்தாங்கைப் பக்கம்" என்பான், எதிராளிக்கு இரண்டுமே புரியாது. பி.டி. சார் அப்போதே கோப்பைக்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டார். அந்த அலமாரியின் நிலைமை உனக்குத் தெரியும்.

அப்புறம் டர்ஃபுக்கு, அதுதான் செயற்கைப் புல்தரைக்கு, போனோம். கோவில்பட்டியில் 1-4. அடுத்து ஒரு நட்பு மேட்சுக்காகக் கொல்லம். 2015 நேஷனல் கேம்ஸுக்குப் போட்டார்களே, ஆசிராமம் ஹாக்கி ஸ்டேடியம், அங்கே 0-5. ரயிலில்தான் போனோம். நாம் மீட்டர் கேஜில் தொங்கிக்கொண்டு போன அதே பாதை. 2010-ல் நிறுத்தி, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தபிறகு நான் போவது அதுதான் முதல் தடவை. பதிமூன்று கண் பாலம் வந்ததும் பையன்கள் எல்லோரும் ஜன்னலில். திரும்பி வரும்போது ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மண்ணில் புலி, டர்ஃபில் பூனை என்று நம் ஆட்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1976-ல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக்ஸ் முதன்முதலாக டர்ஃபுக்குப் போனபோது இந்தியாவே ஏழாவது இடத்துக்கு இறங்கியது. உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர்கள் பாடு அப்படி என்றால் செங்கோட்டைப் பையன்களை என்ன சொல்ல? மண்ணில் பந்து வரும் வேகத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஸ்டிக்கை வைக்கிறான். தண்ணீர் தெளித்த டர்ஃபில் அவன் கணக்குப் போட்டு முடிக்குமுன் பந்து அவனைத் தாண்டிவிடுகிறது. பெனால்டி கார்னர் அதைவிட மோசம். நம்மிடம் டிராக் ஃபிளிக் போட, பந்தை ஸ்டிக்கால் இழுத்துத் தூக்கி எறிய, ஆளே இல்லை. கோலுக்கு அடியில் இருக்கிற பலகை உயரத்தைத் தாண்டாமல் ஓங்கி ஒரு அடி, அவ்வளவுதான் நம் வித்தை. நம் மண்ணில் அது எங்கேயாவது ஒரு கல்லில் பட்டுத் திரும்பிக் கோலாகும். டர்ஃபில் கல்லுக்கு எங்கே போவது? நேராக உன்னைப் போல ஒரு கோல்கீப்பர் கோலியின் பேடில் போய் விழுகிறது.

சரி, இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் உனக்கு எழுத வந்தது வேறு.

நம் காலத்தில் 35 நிமிடம் இரண்டு பாதி. இப்போது 15 நிமிடமாக நான்கு. மூன்று கால்பகுதி வரை நம் பையன்கள் யாரோடும் சமமாக ஆடுகிறார்கள். கடைசிக் காலில் கொட்டிக்கொள்கிறார்கள். கொல்லத்தில் வாங்கிய ஐந்தில் நான்கு அப்போது வாங்கியவை. தம் இல்லை, சாப்பாடு போதவில்லை என்று நானும்தான் நினைத்தேன். மேட்ச் முடிந்து பிரானூர் பார்டரில் எல்லோருக்கும் பரோட்டாவும் கோழியும் வாங்கிப் போட்டேன். கணக்கு வீட்டுக்குத் தெரியாது. ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்புறம் ஒருநாள் ராத்திரி கடையை அடைத்துவிட்டு, வாங்கிய கோல்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். அத்தனையும் தரையோடு வந்தவை. அத்தனையும் கோலியின் காலுக்கு அரை முழம், ஒரு முழம் தள்ளிப் போனவை. முன்னால் ஓடுகிறவர்கள் களைத்துப்போய்த் திரும்பி வருவதில்லை, அதனால் கடைசியில் கோலி தனியாக நிற்கிறான். நிற்கிறான் என்பதுதான் விஷயம். பையன் விழுவதே இல்லை, மாப்ளே!

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆரியங்காவுக்கு மேலே எஸ்டேட் பக்கம் வீடு. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். இவனும் விடியுமுன் கூடப் போய்ப் பால் எடுத்துவிட்டுத்தான் காலேஜுக்கு பஸ் ஏறுகிறான். நெடுநெடுவென்று உயரம், கை ரெண்டும் முருங்கைக் கொம்பு. கண் மட்டும் பந்தைவிட்டு அகலாது. மேலே வருகிற பந்தை ஈ பிடிக்கிற மாதிரி பிடிக்கிறான். கோலி என்று கூப்பிட்டால் மற்றவர்கள் கிரிக்கெட்காரர் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்று அவனை எல்லோரும் "கம்பம்" என்கிறார்கள். பெயர் வைத்தவன் நன்றாகத்தான் வைத்திருக்கிறான்.

டிசம்பரில் ஜூனியர் வேர்ல்டு கப் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது அல்லவா? 2-ஆம் தேதி இந்தியா - சுவிட்சர்லாந்து மேட்சுக்குப் பையன்களை மதுரைக்குக் கூட்டிப்போனேன். கிளாஸ் கட். நாம் ஜெயித்தது 5-0. மற்றவர்கள் கோலுக்கு ஒரு தடவை தொண்டை கிழியக் கத்தினார்கள். கம்பம் மேட்சையே பார்க்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் கோலிகள் பழகியதைப் பார்த்ததோடு அவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வலது பக்கம் சரிந்து விழு, எழு, இடது பக்கம் விழு, எழு, ஈரத் தரையில் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டே போகிறார்கள். பையன் என் காதருகே வந்து கேட்டான்: "அண்ணாச்சி, அவங்களுக்கு வலிக்காதா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊருக்குத் திரும்பியதும் அவன் தொடையையும் இடுப்பையும் காட்டச் சொன்னேன். முதல் வருஷம் நம் கிரவுண்டில் விழுந்து விழுந்து தோல் உரிந்த தழும்பு, கருகருவென்று வரைபடம் மாதிரி. சீழ் வைத்து ஒரு மாதம் நடக்க முடியாமல் கிடந்தானாம். அதற்கப்புறம் உடம்பு தானாகவே முடிவு செய்துவிட்டது, இனிமேல் விழுவதில்லை என்று. மண்ணில் அது பரவாயில்லை, பந்து தட்டுத்தடுமாறி வரும், நின்றபடியே காலால் தடுத்துவிடலாம். டர்ஃபில் நிற்கிற கோலி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மண் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் டர்ஃபில் கோலாகிறது. நான் இத்தனை வருஷம் ஓரத்தில் நின்று "விழுலே, விழுலே" என்று கத்தியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்று நாள் கழித்து கால் இறுதியில் பெல்ஜியத்தோடு 2-2, ஷூட்-அவுட். கடைக்குள் என் போனைச் சுற்றிப் பதினைந்து தலை. வாடிக்கையாளர் ஒருவர் அரை கிலோ ஆணிக்கு அரை மணி நேரம் நின்றார், பாவம். இந்தியக் கோலி பிரின்ஸ்தீப் தடுத்து 4-3 என்று ஜெயித்தபோது கம்பம் கோச்சைக் காட்டி "இது ஸ்ரீஜேஷ்தானே அண்ணாச்சி?" என்றான். ஆமாம், இந்தியாவுக்கே கோலியாக நின்றவர், நம் பழைய கோலி இப்போது குடியிருக்கிற எர்ணாகுளம் ஜில்லாக்காரர்தான், கிழக்கம்பலம் என்றேன். அவருக்குப் பேடு வாங்க அவர் அப்பா பசுவை விற்ற கதையையும் சொன்னேன். பையன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க வீட்ல பசு இல்லையே" என்றான். என்ன பதில் சொல்ல? உன்னைப் போல நாலு பேர் அனுப்பிய பணத்தில் வாங்கிய பேடுதான் இது, உங்கப்பா எதையும் விற்க வேண்டாம் என்று சொல்லிச் சமாளித்தேன். 10-ஆம் தேதி வெண்கலத்துக்கான மேட்சில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று கிடந்து, கடைசிக் கால்பகுதியில் நாலு கோல் போட்டு 4-2 என்று எடுத்தார்களே, அதைப் பார்த்தபிறகு எங்கள் பையன்கள் மறுபடி ஓட ஆரம்பித்தார்கள். காலையில் ஐந்தரைக்கு, பனியில். ஜனவரி முதல் இரண்டு மேட்சும் டர்ஃபில் ஜெயித்தோம், 2-1, 1-0. அதனால்தான் உன் வீட்டுக் கல்யாணத்தை விட்டேன். இப்போதாவது புரிகிறதா?

நாக்-அவுட். மூன்றாம் கால் முடியும்போது 2-1, நாம் முன்னால். புளியரைக் குட்டையன் ஒன்று, கார்னரில் ஒன்று. சமமாக்கும் கோல் வந்தது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, உலகத்தரமான அடி. இரண்டு நிமிடம் மிச்சம். கோலுக்கு முன்னால் டி வளைவுக்குள் ஒரு குழப்பம், நம் ஃபுல்பேக் ஸ்டிக்கில் பட்டு வேகம் செத்த பந்து, உருண்டு வருகிறது. கம்பத்தின் வலது காலுக்கு ஒரு முழம் தள்ளி. அவன் பார்க்கிறான். நாங்கள் பார்க்கிறோம். அவன் உடம்பு ஒரு நூல் சாய்ந்தது, மாப்ளே, சத்தியமாகச் சாய்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது. 2-3.

யாரும் திட்டவில்லை. வேனில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். கழுகுமலை தாண்டியதும், "நான் நின்னுட்டேன் அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கிரவுண்டுக்கு வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு ஆரியங்காவுக்குப் போனேன். கிளாசுக்கும் சரியாகப் போவதில்லை என்கிறார் அவன் அப்பா. இனி முழுநேரமும் ரப்பருக்கே போகிறேன் என்கிறானாம். இரண்டாம் வருஷம், இன்னும் ஒரு சீசன் பாக்கி இருக்கிறது. அந்த மனுஷர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை, கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். அதுதான் தொண்டையில் நிற்கிறது.

போன அக்டோபர் கடைசியில் கண்ணூர் மானுவல் ஃப்ரெடரிக் போய்ச் சேர்ந்தாரே, 1972 மியூனிக் வெண்கல அணியின் கோலி, அன்றைக்கு நீ போனில் அழுதாய். நாம் யாருமே அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அழுதாய். கோலியின் கஷ்டம் கோலிக்குத்தான் தெரியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். லெஃப்ட் ஹாஃபில் ஆடிய நான் என்ன சொன்னாலும் கம்பத்தின் காதில் ஏறாது. பாளையங்கோட்டையில் நான் அடித்த பெனால்டி ஸ்ட்ரோக்கைப் பற்றி இவன்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் வேறு. சொன்னது யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அந்த ஆள் இப்போது எர்ணாகுளத்தில் இருக்கிறான்.

அதனால் நீ வர வேண்டும். ஒரு வாரம் போதும். டர்ஃப் கேட்டு மனு கொடுத்து, அது வந்து சேர்வதற்குள் கம்பத்தின் பேரன் காலேஜுக்கு வந்துவிடுவான். நமக்கு வேறு வழி தெரியுமே. நீ எங்கே விழப் பழகினாய்? பெரிய மாமா களத்தில், வைக்கோல் போருக்குக் கீழே. நான் பந்தை உருட்ட, நீ விழ, மாமா தார்க்குச்சியோடு துரத்த. இந்த வருஷப் பிசான நெல் அறுப்பு மாசிக் கடைசியில் ஆரம்பித்துவிடும். வயல்காரரிடம் ஒரு வண்டி வைக்கோல் சொல்லி வைத்திருக்கிறேன். மேலே தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் ஊற்றினால் டர்ஃப் மாதிரியே வழுக்கும், நானே விழுந்து பார்த்துவிட்டேன். இடுப்பு பிடித்திருக்கிறது, அது தனிக் கதை. பையனிடம் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறு. அகால நேரத்தில்தான் இறக்கிவிடும், நான் ஸ்டேஷனில் ஸ்கூட்டரோடு நிற்பேன். பஞ்சு பிதுங்கும் உன் பழைய பேடு பரணில் கிடந்தால் எடுத்து வா, பையன்கள் பார்த்துச் சிரிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா. அந்த முழங்கைத் தழும்பை அவன் பார்க்க வேண்டும்.

உன்
லெஃப்ட் ஹாஃப்