அந்த ஒரு வரி

அரசரடி, மதுரை.
ஐப்பசி, அடைமழை.

அன்புள்ள பாப்பா,

கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்ற கான் சாகிபு யூசுப் கானைப் பற்றி நீ அனுப்பிய மூன்றாவது அத்தியாயத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "எப்படிப்பா இருக்கு?" என்று நீ கேட்டபோது மழையைப் பற்றிப் பேசி மழுப்பினேன். உனக்குப் புரிந்திருக்கும். எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும்.

"மதுரைக் கோட்டை விழவில்லை, விற்கப்பட்டது" என்று முடித்திருக்கிறாய். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். அதனால்தான் எனக்குப் பயம்.

1994இல் என் புத்தகம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அட்டைப்படம் சரியில்லை என்று அழுதாயே, அதுதான். அதில் ஒரு வரி: "மதுரை மக்கள் கடைசி மூச்சுவரை கான் சாகிபின் பக்கம் நின்றார்கள்." கையெழுத்துப் பிரதியைப் படியெடுத்துக்கொண்டிருந்த உன் அம்மா அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "இது யார் சொன்னது?" என்று கேட்டாள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து, தொட்டால் உதிரும் தாள்களைப் பென்சிலும் கையுமாகப் பார்த்து வந்தவன் நான். "உனக்கென்ன தெரியும்" என்று எரிந்து விழுந்தேன். யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. பத்தி முடிய ஒரு வரி வேண்டியிருந்தது. அது வந்தது, விட்டுவிட்டேன்.

பத்து வருடம் கழித்து ஒரு பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போனேன். ஒரு பையன் முஷ்டியை உயர்த்தி அதே வரியைச் சொன்னான். அரங்கமே ஆர்ப்பரித்தது. முதல் பரிசு மதிப்பெண் போட்டவன் நானே.

சரி, உன் அத்தியாயத்துக்கு வருகிறேன். முற்றுகைக் கணக்கை நன்றாகவே வைத்திருக்கிறாய். 1763இல் வந்து மழைக்குத் திரும்பிய கும்பினிப் படை மறுபடி வந்ததும், 1764 ஜூனில் சுவர் ஏற முயன்று அடிபட்டதும் சரி. அதற்குப் பிறகுதான் இடறுகிறது. ஜூன் தோல்விக்குப் பின் மேஜர் கேம்பல் என்ன செய்தார்? சுவரை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தார். கோட்டைக்குள் அரிசி போகும் வழியையெல்லாம் அடைத்தார். நீ அதற்கு ஒரே வாக்கியம் கொடுத்துவிட்டு கான் சாகிபு பிடிபட்ட அக்டோபர் 13க்குத் தாவி, அவருடைய திவான் சீனிவாச ராவையும் பிரெஞ்சுக்காரர் மார்சாந்தையும் துரோகி என்று எழுதி முடித்துவிட்டாய். நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதே தாயி! அந்த மாதங்களில் உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? குழந்தை வைத்திருந்தவள் சுவர்மேல் நிற்கும் தளபதியைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? நீ சைக்கிள் பழகிய வெளி வீதியில்தான் அந்தச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துத் தூர்த்த பிறகுதான் அது வீதி. அந்த வழியாக எத்தனையோ முறை போயும் நான் இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

தொழுகையில் இருந்தவரைக் கட்டிப்போட்டுப் பிடித்துக் கொடுத்தவர்களை நல்லவர்கள் ஆக்கச் சொல்லவில்லை. மார்சாந்தைக் கான் சாகிபு சவுக்கால் அடித்தார் என்று ஒரு சேதி உண்டு. ஓரமாக வந்துபோகிற செய்திதான், ஆனால் தலைமையைப் பற்றி எழுதுகிறவள் அதைத் தாண்டிப் போகலாமா? தோற்றுக்கொண்டிருக்கும் தலைவன் பக்கத்தில் இருப்பவனை எப்படி நடத்துகிறான் என்று பார்.

நீ விட்டுவிட்ட இன்னொன்று 1755. கும்பினியின் கர்னல் ஹெரான் படை கோயில்குடிக் கோயிலைத் தாக்கிச் சாமிச் சிலைகளை மூட்டை கட்டிக்கொண்டு போனதும், நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து மீட்டதும் உனக்குத் தெரியும். அந்தப் படையின் சிப்பாய்களுக்குத் தலைவர் யார்? அப்போது கும்பினியில் இருந்த நம் கான் சாகிபுதான். பிற்பாடு மீனாட்சி கோயிலுக்கு மானியத்தைத் திரும்பக் கொடுத்தவரும் அவரேதான். இரண்டாவதை மட்டும் எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் செய்தேன். மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்க ஆளுகளத் தூக்குல போட்டது இதுல வரலையேண்ணே" என்று மட்டும் சொன்னார்.

எழுத்துக்காரனுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். தலையாலங்கானத்தில் ஏழு பேரை வென்ற நெடுஞ்செழியன் போருக்கு முன் சொன்ன வஞ்சினம் புறநானூற்றில் 72ஆம் பாட்டாக இருக்கிறது. தோற்றால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். ஜெயித்தான். மருதனும் மதுரைக்காஞ்சி பாடினார், 782 அடி. அதில் அவன் படை போன இடத்தைச் சொல்லும்போது, "நாடெனும் பேர் காடாக", "ஊர் இருந்த வழி பாழாக" என்கிறார். அவனிடமே. பகை நாட்டை எரித்ததைப் பாடும் எரிபரந்தெடுத்தல் என்கிற துறைதானே அப்பா, எல்லாப் புலவரும் பாடுவதுதானே என்பாய். இருக்கட்டும். பாழான ஊர் பாட்டுக்குள் வந்துவிட்டதல்லவா? என் புத்தகத்தில் அதுகூட இல்லை.

போன வாரம், கான் சாகிபைத் தூக்கிலிட்ட அக்டோபர் 15ஆம் தேதி, மழை விட்டதும் சம்மட்டிபுரம் வரை நடந்தேன். அவருடைய தர்காவில் ஒரு அம்மா பேரனுக்கு ஓத வந்திருந்தார். உள்ளே அடங்கியிருப்பது யார் என்று கேட்டேன். "பெரிய மனுசன்யா, துண்டு துண்டா வெட்டிப் போட்டாங்களாம்" என்றார். யார் வெட்டினார்கள், எதற்கு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சண்டைய்யா" என்று சொல்லிவிட்டுப் பையனுக்குத் தலை துவட்டினார். கும்பினிக் கடிதங்கள் ஜெயித்தவன் எழுதியவை, அதை மறக்காதே. கான் சாகிபு சண்டை என்று பாடிவைத்தவர்களின் கதைப்பாடல் இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் இடத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதே.

என் புத்தகம் இப்போது அச்சில் இல்லை. மறுபதிப்புக்கு யாரும் கேட்கவும் இல்லை. வீட்டில் இருக்கும் பிரதியில் அந்த வரியை நேற்று அடித்தேன். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "முப்பது வருசம் ஆச்சா?" என்றாள்.

அத்தியாயத்தைக் கூரியரில் போட்டிருக்கிறேன், கூடவே அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயும். பாட்டில் மூடி கொஞ்சம் லூஸ், தாளில் எண்ணெய் பட்டிருந்தால் திட்டாதே. 17ஆம் பக்கத்தில் பென்சிலால் "யார் சொன்னது?" என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது, கேள்வி அம்மாவுடையது.

அன்புடன்,
அப்பா