எண்ணாகமம் 16-ஐ முழுசாகப் பிரசங்கியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சபைத் தேர்தல் வந்தாலே எங்கள் பக்கத்தில் இரண்டு அணி, இரண்டு வாட்ஸ்அப் குழு, சில ஊர்களில் ஆலய வாசலில் போலீஸ் என்று ஆகிவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) ஒன்றைச் சேர்ந்தவள் நான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஞாயிறு பள்ளியில் இன்னும் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் எங்களைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு வசூலான பணத்துக்குக் கணக்கு எங்கே என்று எங்கள் சபையில் ஒரு வாலிபத் தம்பி எழுந்து கேட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் ஐயரின் (குருவானவரின்) பிரசங்கம் பைபிளில் எண்ணாகமம் 16, மோசேக்கும் அவர் அண்ணன் ஆசாரியர் ஆரோனுக்கும் எதிராக எழும்பியவர்களின் கதை. கோராகு, தாத்தான், அபிராம், பூமி வாயைத் திறந்து விழுங்கியது. யாரைக் குறித்துச் சொல்கிறார் என்று கடைசி பெஞ்சில் இருந்தவருக்கும் விளங்கியது. அன்று சாயங்காலமே ஐயரின் குடும்பத்தைப் பற்றி, பேசியவர் பெயர் இல்லாத ஒரு ஆடியோ ஊரெல்லாம் சுற்றியது. அந்தப் பிரசங்கமும் தப்பு, அந்த ஆடியோவும் தப்பு.

கோராகு செய்தது கலகம்தான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. அவன் வேறு யாருமல்ல, மோசேக்குச் சித்தப்பா மகன். லேவி கோத்திரத்தான், ஆராதனை நடக்கும் ஆசரிப்புக் கூடாரத்தில் பணிவிடை இருந்தது. அது போதாமல் ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்றுதான் அலைந்தான். அதை வாய் திறந்து சொன்னானா? இல்லை. “சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள்” என்று ஜனங்களுக்காகப் பரிந்து பேசுகிறவனைப் போல வந்தான், பேர்பெற்ற 250 தலைவர்களைக் கூட்டிக்கொண்டு. பேச வாருங்கள் என்று மோசே ஆள் அனுப்பியபோது தாத்தானும் அபிராமும் “நாங்கள் வருகிறதில்லை” என்றார்கள். முகத்துக்கு நேரே வர மாட்டார்கள், கூடாரத்திலிருந்தே குற்றம் சொல்வார்கள். ஆடியோ போட்டவர்கள் இந்த வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

ஆனால் அதே அதிகாரத்தில் பிரசங்கத்துக்கு வராத வசனங்களும் இருக்கின்றன. குற்றச்சாட்டைக் கேட்டதும் மோசே முகங்குப்புற விழுந்தார். கோபம் மூண்டபோதும் ஜனங்களைச் சபிக்கவில்லை. “நான் அவர்களில் ஒருவனுடைய கழுதையை முதலாய் எடுத்துக்கொள்ளவில்லை” என்று கர்த்தர் முன்பாகத் தன் கையைத் திறந்து காட்டினார். வர மாட்டோம் என்றவர்களின் கூடாரத்துக்குத் தானே எழுந்து நடந்து போனார். அடுத்த நாள் ஜனங்கள் மறுபடியும் முறுமுறுத்து வாதை தொடங்கியபோது ஆரோன் செய்ததைப் பாருங்கள். கர்த்தரின் ஜனங்களை நீங்கள் கொன்றுபோட்டீர்கள் என்று எந்த ஜனங்கள் குற்றம் சொன்னார்களோ, அவர்களுக்காகவே தூபகலசத்தை எடுத்துக்கொண்டு சபையின் நடுவே ஓடினார். செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவில் நின்றார். 14,700 பேர் மாண்ட பிறகு வாதை நின்றது. ஆவிக்குரிய அதிகாரம் என்றால் எனக்கு அந்த ஓட்டம்தான். அப்படிப்பட்ட ஊழியருக்கு அடங்கியிருக்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. “இரண்டகம்பண்ணுதல் பில்லிசூனிய பாவத்திற்கு” சமம் (இரண்டகம் என்றால் கலகம்) என்ற வசனத்தைச் சபையாரைப் பார்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1 சாமுவேல் 15-ஐத் திறந்து பாருங்கள். தீர்க்கதரிசி சாமுவேல் அதைச் சொன்னது ஜனங்களிடம் அல்ல. அபிஷேகம் பெற்று சிங்காசனத்தில் இருந்த ராஜா சவுலிடம், கட்டளையை மீறி ஆடுமாடுகளில் முதல்தரமானவற்றைத் தப்பவிட்டதற்காக. அதற்கு மூன்று அதிகாரம் முன்னால் அதே சாமுவேல், நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று ஊரைக் கூட்டித் தானே கேட்டார். கேட்டதும் யாரும் அவரைக் கலகக்காரர் என்று சொல்லவில்லை, அவரும் யாரையும் சொல்லவில்லை.

மூப்பர்மேல் வரும் புகாரை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அது ஐயருக்குப் பாதுகாப்பு. அடுத்த வசனத்திலேயே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். அது சபைக்குப் பாதுகாப்பு. முதல் வசனத்தை ஐயர் குடியிருக்கும் குருமனையிலும் இரண்டாவதை எதிரணியிலும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் இந்தத் தகராறு தேர்தல் முடிந்தும் தீராது.

அசனக் கணக்கை ஆலய நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படி சேகர கமிட்டிக்கு நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெயரும் கையெழுத்தும் போட்டு. ஆடியோவைப் பரப்பியவர்களில் சிலர் என் ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளைகள். குருமனைக்குப் போய்க் கதவைத் தட்டி, சொன்னதை நேரில் சொல்லுங்கள். சொல்ல முடியாததை அழித்துவிடுங்கள் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

கணக்குக் கேட்ட தம்பியைச் சபையை விட்டு நீக்கப் பேச்சு நடப்பதாகக் காதில் விழுகிறது. மோசேக்கு விரோதமாகப் பேசிக் குஷ்டம் கண்ட அவருடைய அக்காள் மிரியாமுக்காக மோசேயே கெஞ்சி ஜெபித்தார். அவள் பாளயத்துக்கு வெளியே இருந்த 7 நாளும் ஜனங்கள் புறப்படாமல் காத்திருந்தார்கள். இந்தத் தம்பி விரோதமாகப் பேசக்கூட இல்லை, கணக்குத்தான் கேட்டார். அவரை நீக்க எண்ணாகமத்தில் ஆதாரம் தேட வேண்டாம் என்று கமிட்டியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்