துக்க வீட்டுக்குப் பதினேழாம் நாளும் போக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், சாவு நேர்ந்த வீட்டில் கருமக்கிரியை முடியும்வரை கூடாரமும் கோப்பியுமாக ஆள் நடமாட்டம் இருந்தாலும், பதினேழாம் நாள் அந்த வாசலை எட்டிப் பார்ப்பவர் அரிது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் துக்க விடுப்பைக் கட்டாயமாக்கவில்லை என்பதால், ஒப்பந்தத்தில் அது இடம்பெறாத இடங்களில், கணவரைப் பறிகொடுத்த பெண்ணும் நிர்வாகம் மனமிரங்கிக் கொடுக்கும் ஓரிரு நாளோடு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கத் திரும்பிவிடுகிறார்.

‘எல்லாம் விதி, அழாதே’ என்னும் ஆறுதலில் எனக்கு உடன்பாடில்லை. மறைந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசவிடுவதும், ரசஞ்சோறு கொண்டுபோய்த் துக்கத்தில் இருப்பவர் உண்ணும்வரை உடனிருப்பதும், மாலையில் கோயில்வரை நடக்க அழைப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்கில் தயங்காமல் சொல்லலாம். நள்ளிரவில் பேச ஆளில்லாதோர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட், பேராக்